பேச்சியம்மாள் வீசிய பந்தும் நான் போட்ட கையெழுத்தும்

போன மாதம் சாப்ட்பால் நடுவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்ட என்னையும் மறக்காமல் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தார்கள். மேடையில் இருந்த தம்பி ஒரு மஞ்சள் பந்தைத் தூக்கிக் காட்டினார். "இதுக்குள்ள பஞ்சு கிடையாது. அச்சுல வார்த்த நுரை. எல்லாப் பந்தும் ஒண்ணுபோல இருக்கும். எந்தப் பிட்சரும் இதுல தில்லுமுல்லு பண்ண முடியாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காப்பி புரையேறி, பக்கத்தில் இருந்த பெண் என் தலையில் தட்டினாள். அவளும் நடுவர்தான். "என்ன டீச்சர் சிரிக்கிறீங்க? உங்க காலத்துல பந்துல எதையாவது தடவிட்டு வந்தா எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டாள். ரெண்டு வார்த்தையில் சொல்கிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் போடிநாயக்கனூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தேன். டிரில் டீச்சர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அதற்கு முன்னால் சென்னையில் ஒரு வருடம் படிப்பு. அங்கே கற்றதில் பாதி மறந்து போனது. மீதிப் பாதிக்கு எங்கள் ஊரில் மைதானம் கிடையாது. சாப்ட்பால் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டு போடிக்கு ரயிலேறி வந்தது. ஒரு பந்து, ஒரு மட்டை, சாக்கில் மண்ணை நிரப்பித் தைத்த நாலு மூட்டை இருந்தால் ஆடிவிடலாம் அல்லவா? நடுவர் பரீட்சையும் எழுதித் தேறினேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து வீசுகிற பெண்ணைப் பிட்சர் என்போம். அவள் கையை இடுப்புக்குக் கீழே கொண்டுவந்துதான் பந்தை விட வேண்டும். பந்து தரையில் குத்தாமல் நேரே மட்டைக்காரியிடம் வரும். மூன்று நல்ல பந்தைத் தவறவிட்டால் மட்டைக்காரி அவுட். மூன்று பேர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது; அடித்தவள் நாலு மூட்டையையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். ஆகவே ஆட்டமே பிட்சரின் விரல் நுனியில்தான் இருக்கிறது. பந்தில் எண்ணெய்ப் பசையோ பிசினோ கொஞ்சம் ஏறினாலும் அது வருகிற வழியே மாறிவிடும். அதனால்தான் விரலில் எதையும் தடவக் கூடாது, பந்தை உரசவோ கீறவோ கூடாது என்று சட்டம். முதல் தடவை பிடிபட்டால் அந்த வீச்சு செல்லாது, எதிரணிக்கு லாபம். மறுபடியும் செய்தால் பிட்சர் வெளியே போக வேண்டும். அறிக்கை மாவட்டத்துக்குப் போனால் ஒரு வருடம் ஆட முடியாது.

சட்டம் எழுதினவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. தேவாரத்திலிருந்து ஒரு பிட்சர் வருவாள். பந்து போடுவதற்கு முன்னால் சடையை முன்னே இழுத்து ஒரு தடவு தடவிவிட்டுப் பின்னே தள்ளுவாள். தலையில் தேங்காய் எண்ணெய் ஒரு கிண்ணம் இருக்கும். மட்டைக்காரிக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சரின் கையுறையில் பந்து நிற்காமல் விரால் மீன் மாதிரி வழுக்கும். சடையைத் தொடாதே என்றால், "எண்ணெ வைக்காம வந்தா எங்க ஆத்தா வையும் டீச்சர்" என்பாள். எண்ணெய் வைக்காதே என்றா சொன்னேன்? கடைசியில் அவள் தலையில் என் துண்டைக் கட்டி ஆட விட்டேன். பார்க்க நெல் அடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். ஆனால் ஆட்டம் சுத்தமாக நடந்தது.

இந்த மாதிரி விஷயங்களில் எங்களுக்குத் தலைமை நடுவர் காதர் சார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். அவர் மட்டும் கடைக்குப் போகாமல் ஆண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தார். மைதானத்தில் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாலாய் மடித்த வெள்ளைக் கைக்குட்டையோடு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து வருவார். அவர் வந்து சேர்வதற்குள் சண்டை போட்டவர்களுக்குப் பாதிக் கோபம் இறங்கியிருக்கும். அதற்காகவே அப்படி நடக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பிட்சர்மேல் சந்தேகம் வந்தால் அவர் முறை இது. ஆட்டத்தை நிறுத்து. நீயே நடந்து போ, அவளைக் கூப்பிடாதே. உள்ளங்கையை விரித்து நீட்டு, பந்தைப் பிடுங்காதே. முதலில் பந்து, அப்புறம் விரல், கடைசியில்தான் உடுப்பு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார். என்ன செய்தாய் என்று மட்டும் கேட்காதே. நான் முதல் வருடம் ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்டு, அவள் அழுது, ஆட்டமே நின்று போனது. அன்றைக்குக் காதர் சார், "கேட்டா அந்தப் பிள்ள பொய்தான் சொல்லும் டீச்சரம்மா. பந்த வாங்கிப் பாருங்க, போதும்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஒரு தடவை சின்னமனூர்ப் பக்கத்து அணியின் பிட்சர் நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தாள். வியர்வையைத் துடைக்கிற சாக்கில் நெற்றியைத் தடவித் தடவிப் பந்து போட்டாள். காய்ந்த சாம்பல் விரலில் இருந்தால் பிடி வழுக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? அவள் அப்பா கோடு ஓரத்திலேயே திருநீற்றுப் பையோடு நிற்கிறார். நான் காதர் சாரைப் பார்த்தேன். ஒரு முஸ்லிம் வந்து திருநீற்றை அழிக்கச் சொன்னால் ஊர் என்ன பேசும்? அவர் வழக்கம்போல மெதுவாக நடந்து அந்த அப்பாவிடம் போனார். "அண்ணே, பிள்ளைக்கு நெத்தியில இருக்கது சாமி. அது கைக்கு எறங்கி, பந்துக்கு எறங்கி, மண்ணுல விழுந்து பொரளுது. நமக்கு ஆகுமா?" என்றார். அந்த மனிதர் பதறிப் போய், தானே மகள் கையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். "நெத்தியத் தொடாத தாயி, சாமி கோவிச்சுக்கும்" என்றும் சொன்னார். சட்டப் புத்தகம் சொல்வதை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாரே என்று அசந்து போனேன்.

இனி பந்து. அந்தக் காலத்துச் சாப்ட்பாலுக்குள் இருந்தது இலவம்பஞ்சு. மேலே இரண்டு தோல் துண்டு வைத்துத் தைத்திருக்கும். வடக்கே எங்கேயோ செய்து பெட்டியில் வரும். எங்களுக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆடி ஆடிப் பஞ்சு அமுங்கி, தையல் விட்டுப் போகும். வேறு ஊர்க்காரர்கள் பந்தைத் தூக்கி எறிவார்கள். போடிக்காரர்கள் எறிவோமா? இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர் எங்கள் ஊர். தெருவுக்குத் தெரு மெத்தை தைக்கிறவர்கள் இருந்தார்கள். தையல் விட்ட பந்தை அவர்களிடம் கொடுத்தால் புதுப் பஞ்சு அடைத்துத் தந்துவிடுவார்கள். எல்லாப் பள்ளியிலும் இதுதான் வழக்கம். இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

எனக்கு அடைத்துத் தருகிறவர் சுப்பையா அண்ணன். "பந்துன்னு சொல்றீக, எனக்கு இது குட்டித் தலகாணி" என்று சிரிப்பார். ஒரு தடவை அவர் அடைத்த பந்து இலேசாக இருந்தது. காற்றில் பறக்கிறது அண்ணே என்று குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாளில் சரி செய்து கொடுத்தார். கையில் நல்ல கனமாக இருந்தது. நான் சந்தோஷமாக வாங்கி வந்தேன். என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. மெத்தை வாங்கும்போது உள்ளே கையை விட்டுப் பார்க்கிறோமா என்ன?

அந்த வருடம், எழுபதுகளின் கடைசி, மாவட்டப் பெண்கள் இறுதி ஆட்டம் போடியில் நடந்தது. அப்போது நாங்கள் மதுரை மாவட்டம். ஒரு பக்கம் மதுரை நகரத்துப் பெரிய பள்ளி. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, ஒரே நிறத்தில் உடுப்பு, பயிற்சி கொடுக்கிற கோச்சோடு ரயிலில் வந்து இறங்கினார்கள். இன்னொரு பக்கம் போடிமெட்டுக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்னப் பள்ளி. அதன் பிட்சர் பேச்சியம்மாள். ஒல்லியாக, கறுப்பாக, காலில் செருப்புகூட இல்லாமல், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். மாநில அணிக்கு ஆள் எடுக்க மதுரையிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். அவர் நோட்டில் பெயர் ஏறினால் மதுரையில் கல்லூரி இடமும் ஹாஸ்டலும் உறுதி.

கம்பி வேலிக்கு வெளியே அவள் அம்மா நின்றாள். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற சோலி. கூட வேலை செய்கிற நாலைந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இவளுக்கு இதான் கடைசி வருசம். பரிச்ச முடிஞ்சதும் எங்க அண்ணன் ஜீப்புல ஏத்தி மெட்டுக்கு மேல எஸ்டேட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருவான். சொல்லி வச்சிருக்கான். இன்னைக்கி அந்தச் சாரு பேர எழுதிட்டா நான் அவன்கிட்ட எதித்துப் பேசிருவேன்" என்றாள். நடுவரிடம் இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

மட்டைக்காரிக்குப் பின்னால் நிற்கிற நடுவர் நான். மாவட்டம் அனுப்பிய புதுப்பந்து ஒன்றே ஒன்று. அதைக் கடைசி இன்னிங்ஸுகளுக்கு வைத்துக்கொண்டு, பழைய பந்தில் ஆட்டம் தொடங்குவது வழக்கம். பழைய பந்து என் பள்ளியுடையது, சுப்பையா அண்ணன் அடைத்தது. தையலைப் பார்த்தேன், தோலைப் பார்த்தேன், சுற்றளவை நாடாவால் அளந்தேன். எல்லாம் சரி. சரி என்பதற்கு அடையாளமாகப் பந்தில் மையால் என் கையெழுத்தைப் போட்டேன்.

முதல் இன்னிங்ஸில் மலையடிவாரப் பள்ளியின் ஒரு பெண் வந்த பந்தைக் கோட்டைவிட்டு, மதுரைக்கு ஒரு ரன் போனது. பேச்சியம்மாள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது இன்னிங்ஸிலிருந்து ஆரம்பித்தாள். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! பந்து மட்டைக்காரியின் இடுப்பு உயரத்துக்கு வரும். அவள் மட்டையை வீசுவாள். அதற்குள் யாரோ கீழேயிருந்து நூலைப் பிடித்து இழுத்த மாதிரி பந்து முழங்காலுக்கு இறங்கிவிடும். நான் பின்னால் குனிந்து நின்று எத்தனையோ பிட்சர்களைப் பார்த்தவள். இப்படி ஒரு பந்தைப் பார்த்ததில்லை. என் கை ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. ஒன்பது பேர் வரிசையாக மட்டையில் பந்து படாமலே திரும்பிப் போனார்கள்.

மதுரைக் கோச் எழுந்து நின்று கத்தினார். "மேடம், பந்துல என்னமோ வச்சிருக்கா! மனுசப் பிறவி போடுற பந்தா இது?"

உள்ளதைச் சொன்னால் எனக்கும் அதே சந்தேகம்தான். ஆட்டத்தை நிறுத்தினேன். நடந்து போய் உள்ளங்கையை நீட்டினேன். பந்து சுத்தம், பசை இல்லை, கீறல் இல்லை. விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் ஏலக்காய்க் கறை. மற்றபடி காய்ந்த விரல். உடுப்பிலும் ஒன்றுமில்லை. திரும்பி வந்து ஆட விட்டேன். அடுத்த பந்தும் அப்படியே விழுந்தது. கோச் மைதானத்துக்குள் வந்துவிட்டார். "மோந்து பாருங்க, பந்து பூரா ஏலக்கா வாடை! எண்ணெயத் தடவியிருக்கா!"

காதர் சார் நடந்து வந்தார். கோச்சைப் பார்த்து, "போடியில மூக்க நம்பாதீங்க சார். உங்க சட்டையிலயும் இப்ப அந்த வாடைதான்" என்றார். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இரண்டு அணிப் பிட்சர்களையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். ஒருத்தியை மட்டும் கழுவச் சொல்லவில்லை, பாருங்கள். பேச்சியம்மாளுக்குத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். பந்தையும் துடைத்தார். "போடு தாயி" என்றார். அவள் போட்டாள். கேட்சரின் கையுறைக்குப் பக்கத்தில் பந்து தொப்பென்று இறங்கியது. வேலிக்கு வெளியே பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்போது காதர் சார் முகம் மாறியது. பந்தை வாங்கிக்கொண்டு ஸ்கோர் எழுதுகிற மேசைக்குப் போனார். மேசைமேல் மெல்ல உருட்டினார். பந்து நேராக ஓடாமல், நொண்டி நொண்டிப் போய் நின்றது. மறுபடி உருட்டினார். அதே பக்கம் கீழே வந்து நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே. "பாத்தீங்களா! பந்த அறுத்து உள்ள எதையோ வச்சிருக்காங்க! அவள வெளிய அனுப்புங்க. ரிப்போர்ட் எழுதுங்க" என்று கோச் குதித்தார். தேர்வாளர் நோட்டை மூடினார்.

அது என் பந்து அல்லவா? சுப்பையா அண்ணனும் வேலியோரம் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய்க் கேட்டேன். அவர் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "நீங்கதான் பறக்குதுன்னீக. அதான் ஒரு ஓரமா கொட்ட எடுக்காத பஞ்சு ஒரு பிடி வச்சுத் தச்சேன். இப்ப எப்படி, கிண்ணுன்னு இருக்குல்ல?"

இலவங்கொட்டை! பிட்சர் பந்தில் கைவைத்தாளா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நான், என் காசில் என் பந்தை நானே கெடுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை மைதானத்தின் நடுவே தனியாக நின்றுகொண்டிருந்தது. கழுவின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் ஆகவில்லை. மேசைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

கோச் விடவில்லை. "சரி, உங்க பந்து. ரெண்டு பேரும்தான் அந்தப் பந்துல போட்டாங்க. எங்க பிள்ளைக்கு அது எங்கெங்கயோ போகுது, அவளுக்கு மட்டும் சொன்னபடி கேக்குது. எந்தப் பக்கம் கனம்னு அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தது? ஊர்க்காரங்க எல்லாம் ஒண்ணு சேந்துக்கிட்டீங்க." நியாயமான கேள்விதான்.

காதர் சார் முதல் தடவையாகத் தன் முறையை மீறி அவளிடம் கேட்டார். "எந்தப் பக்கம் கனம்னு எப்படி ஆத்தா தெரிஞ்சது?"

அவள் எங்களை விசித்திரமாகப் பார்த்தாள். "கையில எடுத்தாத் தெரியுமே சார். லீவு நாள்ல அம்மாகூடக் காய் பொறுக்கப் போவேன். சொத்தக் காயி எதுன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லிரலாம். அதவிட இது எம்புட்டுப் பெருசு! உங்களுக்குத் தெரியலையா?"

ஏலக்காய்க் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர் காதர் சார். அவர், பயிற்சிக்கு வைத்திருந்த பழைய பந்துகள் மூன்றை எடுத்து வரச் சொன்னார். கைக்குட்டையால் அவள் கண்ணைக் கட்டினார். ஒவ்வொரு பந்தாகக் கையில் கொடுத்தார். அவள் உருட்டிப் பார்த்து, ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தாள். அந்த இடத்தில் காதர் சார் சாக்பீஸால் கோடு போட்டு மேசையில் உருட்டினார். மூன்று பந்தும் கோடு கீழே வரும்படிதான் நின்றன. கோச்சின் வாய் திறந்தபடி நின்றது.

"பந்தக் கெடுத்தது அம்பயர். ரிப்போர்ட்ல டீச்சரம்மா பேர எழுதிக்கிறேன்" என்றார் காதர் சார். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். "பிட்சர் எதையும் தடவல, கீறல, சொருகல. கையில வாங்குன பந்தப் புரிஞ்சுக்கிட்டுப் போடுறதுக்குத் தண்டனை எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இதுவரைக்கும் ஆடினது ஆடினதுதான். இனிமே புதுப்பந்து."

தேர்வாளர் அப்போதுதான் வாயைத் திறந்தார். தடித்த கண்ணாடி போட்ட வயதான மனிதர். "பழைய பந்தெல்லாம் உங்க ஊர் மெத்தப் பஞ்சு. கம்பெனிப் பந்துல இந்த வித்தையக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்" என்றார்.

பெட்டியைப் பிரித்து, மெழுகுக் காகிதத்தை உரித்து, வெள்ளை வெளேரென்ற பந்தை எடுத்துக் கொடுத்தேன். பேச்சியம்மாள் அதைப் பயந்து பயந்து வாங்கினாள். அவள் கையில் புதுப்பந்து வருவது அதுதான் முதல் தடவை. முதல் வீச்சு நேரே வந்தது, ஒரு மண்ணும் இல்லை. மதுரைப் பெண் ஓங்கி அடித்தாள். பந்து வேலி வரைக்கும் போனது. அடுத்தவளும் அடித்தாள். இரண்டு பேரும் ஓடிப் போய் ஆளுக்கொரு மூட்டையில் நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நடுவருக்கு வயிறு எரியக் கூடாது, எரிந்தது. வேலிப்பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

பேச்சியம்மாள் பந்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் உருட்டினாள். நிறுத்தினாள். மறுபடி உருட்டினாள். பிறகு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டு என்னிடம் வந்தாள். காதோடு சொன்னாள்: "டீச்சர், இதுலயும் ஒரு பக்கம் கனம் இருக்கு. கொஞ்சூண்டுதான். சொல்லாமப் போட்டாத் தப்பாகிருமா?"

இத்தனை பேர் திருடி என்று கத்தின பிறகு வந்து அனுமதி கேட்கிறது இந்தப் பிள்ளை. அந்தப் பந்தை நானும்தான் கையில் வாங்கிப் பார்த்தேன், சத்தியமாக எனக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. "தப்பில்ல தாயி. போய்ப் போடு" என்றேன். முகத்தில் பந்து படாமலிருக்க நான் கம்பி முகமூடி போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று, என் கண் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் போட்ட பந்து முன்னைப்போலத் தடாலென்று விழவில்லை. கடைசிக் கையகலத்தில் சின்னதாக ஒரு தாழ்வு. அவ்வளவுதான். அந்தச் சின்னத் தாழ்வுக்கு மட்டையால் பதில் சொல்ல ஒருத்தியாலும் முடியவில்லை. மூன்று பேர், அடுத்த இன்னிங்ஸில் மூன்று பேர், கடைசியிலும் மூன்று பேர். ஓடக் காத்திருந்த இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஆனால் இவள் அணியில் மட்டை பிடிக்கத் தெரிந்த ஆள் இல்லையே! முதல் இன்னிங்ஸில் போன அந்த ஒற்றை ரன்னில் மலையடிவாரப் பள்ளி தோற்றது. மதுரைப் பிள்ளைகள்கூடச் சத்தமாகக் கை தட்டவில்லை. எல்லாரும் பேச்சியம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவள் என் காதில் சொன்னதைத் தேர்வாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்பெனிப் பந்துல கனமான பக்கமா? யார்கிட்டம்மா கதை விடுறீங்க?"

கை கழுவின வாளி அங்கேயே கிடந்தது. காதர் சார் அதில் புதுத் தண்ணீர் நிரப்பினார். ஸ்கோர் எழுதின மைப்பேனாவைப் பேச்சியம்மாளிடம் கொடுத்து, "எந்த எடம்னு ஒரு புள்ளி வை ஆத்தா" என்றார். அவள் பந்தை உருட்டி ஒரு புள்ளி வைத்தாள். அவர் புள்ளி மேலே தெரிகிற மாதிரி பந்தைத் தண்ணீரில் விட்டார். இலவம்பஞ்சு அல்லவா, மிதந்தது. முதலில் அசையவில்லை. பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல, தூக்கத்தில் புரண்டு படுக்கிற குழந்தை மாதிரி பந்து திரும்பியது. புள்ளி சரிந்து சரிந்து தண்ணீருக்குள் போய் மறைந்தது.

தேர்வாளர் தானே பந்தை எடுத்துப் புள்ளியை மேலே வைத்து விட்டுப் பார்த்தார். புள்ளி கீழே போனது. மதுரைக் கோச் வெள்ளைக் காற்சட்டையோடு சேற்றில் மண்டியிட்டிருந்தார். "சார், இன்னொரு தடவ, ஒரே ஒரு தடவ" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டு வாங்கி அவரும் விட்டுப் பார்த்தார். கீழேதான் போனது. அந்தப் பந்தைச் செய்தவனுக்குத் தெரியாது, பெட்டியில் போட்டவனுக்குத் தெரியாது, அதைச் சோதித்த எனக்குத் தெரியாது. இந்த உலகத்தில் அந்தப் பிள்ளையின் பத்து விரலுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. அந்த வருடம் முழுக்க என்னை நடுவராக நிற்க விடவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த வாளியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தேனே, அது போதும்.

தேர்வாளர் நோட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் காதில் அது விழவே இல்லை. நனைந்து ஊறிய பந்தை வாளியிலிருந்து எடுத்துப் பாவாடையில் ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "புதுப்பந்தப் போயி தண்ணியில போட்டுட்டீகளே சார்" என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

தேர்வாளர் இரண்டாம் தடவை கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் வந்தது. அவள் அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெட்டுக்கு மேலே இருக்கிற அண்ணனுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"பேச்சியம்மா, சார்! பே-ச்சி-யம்மா! அழுத்தி எழுதிக்கிருங்க!"